பயன் என்ற நிரலில் நான் எழுதிய சொல்

மகன், இதை உனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கலாம். நீ பார்த்த அடையாளம் விழாமல் வாசித்துவிட்டு, இரண்டு நாள் கழித்து ஒரு கும்பிடும் கையை அனுப்பியிருப்பாய். அதனால்தான் பத்திரிகைக்குக் கொடுக்கிறேன். உன் பெயரையும் போடவில்லை, என் பெயரையும் போடவில்லை. உன்னைச் சந்திக்கு இழுக்கிறேன் என்று கோபிக்காதே. இந்தக் கடிதத்துக்குள் ஒரு பிழைதிருத்தம் இருக்கிறது. கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு முன்னறையில் பிள்ளைகள் இருக்க வாங்கு போட்டு இருபத்தெட்டு வருடம் புவியியல் சொல்லிக்கொடுத்தேன். அங்கே படித்த பிள்ளைகளில் பாதிப்பேர் இன்று எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. அவர்களுக்கும் இது போய்ச் சேரவேண்டும். பிழையாகப் படிப்பித்தவள் வீடு வீடாகப் போய்த் திருத்த முடியாது என்பதால் இந்த வழி.

போன வெள்ளிக்கிழமை காலையில் ரமணி வந்தாள். உனக்கு அவளை ஞாபகம் இருக்கும். உன்னுடைய வகுப்பில் ஜன்னலோரம் இருந்தவள்; கேள்வி கேட்டால் முதலில் சிரித்துவிட்டுப் பிறகு விடை சொல்லுவாள். நகரத்துக்குப் பின்பக்கம், இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய அந்தச் சதுப்பின் கரையில்தான் இப்போதும் இருக்கிறாள். தகப்பன் தண்ணீருக்குள் நின்று செய்த கங்குன் கீரையை இன்று அவளும் புருஷனும் செய்கிறார்கள். ஒரு பையில் கீரைக்கட்டு, மற்றப் பையில் இரண்டு பக்கம் போட்டோக்கொப்பி. அந்தச் சதுப்பை மண் போட்டு நிரப்பி மாடி வீடுகள் கட்டப்போகிறார்களாம். அதற்கான சுற்றாடல் அறிக்கையின் தமிழ்ப் பிரதியைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்திருந்தார்கள். அதிலிருந்து எடுத்து வந்திருந்தாள். ஒரு வரிக்குக் கீழே கோடு போட்டிருந்தாள். "சதுப்பு நிலம்: நீர் தேங்கி நிற்கும், பயனற்ற தாழ்நிலம்."

"இது உங்க வசனம் மிஸ்," என்றாள்.

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"இதுக்குத்தானே எனக்கு ரெண்டு மார்க்ஸ் வெட்டினீங்க."

மற்றப் பக்கத்தில் அறிக்கையைத் தயாரித்தவர்களின் பெயர்கள் இருந்தன. மூன்றாவது பெயர் உன்னுடையது. ரமணி அந்தத் தாள்களை மடித்து என் மேசையில் வைத்தாள். தேத்தண்ணி குடித்தாள், பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கதைத்தாள், பொதுமக்களின் ஆட்சேபம் கேட்கும் கூட்டம் அடுத்த மாதம் என்று சொன்னாள், போய்விட்டாள். கீரையைப் பாதி ஆய்ந்ததோடு வைத்துவிட்டு, அந்த வசனம் இருந்த என் பழைய நோட்ஸ் அட்டவணையைத் தேடி எடுத்தேன்.

அந்த அட்டவணையை நீயும் நானும் சேர்ந்துதான் வளர்த்தோம் என்று சொல்லவேண்டும். நீ பிறப்பதற்கு முன்பே முதல் ஸ்டென்சிலை நான் வெட்டிவிட்டேன். உலகின் பெரிய இயற்கை வலயங்கள், ஏழு நிரை. பெயர், காலநிலை, தாவரம், விலங்கு, பயன் என்று ஐந்து நிரல். மழைக்காட்டுக்குப் பயன்: மரம், இறப்பர், மருந்து. சவன்னா என்ற வெப்பநாட்டுப் புல்வெளிக்கு: கால்நடை. குளிர்நாட்டுப் புல்வெளிக்கு: கோதுமை. ஊசியிலைக் காட்டுக்கு: பலகை, கடதாசி. பாலைவனத்துக்கு: எண்ணெய் தவிரப் பயனற்றது. தண்டரா என்ற, மரமே முளைக்காத வடதுருவ ஓரத்துக்கு: பயனற்றது. கடைசி நிரை சதுப்பு நிலம். அதற்கு இடம் மிஞ்சியிருந்ததால் ஒரு முழு வசனமே எழுதினேன். பிள்ளைகளுக்கு அந்த நிரல் மிகவும் பிடிக்கும். மூன்று இடத்தில் ஒரே விடை வந்தால் பாடமாக்குவது சுகம். நீ நடக்கப் பழகிய காலத்தில் வாங்குகளுக்கிடையில் தத்தித் தத்தி வந்துகொண்டு, வகுப்பு சேர்ந்து சொல்லும்போது நீயும் "பயனத்து, பயனத்து" என்று கத்துவாய். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். அந்த ஏழு வலயங்களில் ஒன்றைத் தவிர வேறெதையும் நான் கண்ணால் கண்டதில்லை என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன். கண்ட அந்த ஒன்றைத்தான் மிகவும் பிழையாக எழுதியிருந்தேன்.

நீ பத்தாம் வகுப்பு படித்தபோது தவணைப் பரீட்சைக்கு முன் ஒரு சின்னச் சோதனை வைத்தேன். சதுப்பு நிலத்தின் பயன் யாது? ரமணி எழுதியிருந்தாள்: "மழைத் தண்ணி வந்து நிற்கும். நிற்கிறதால ஊருக்குள்ள வராது. கங்குன் வளரும். கொக்கு வரும்." நான் சிவப்புப் பேனையால் குறுக்கே ஒரு கோடு இழுத்து, "விடைத்திட்டத்தில் இல்லை" என்று எழுதி, இரண்டு புள்ளியை வெட்டினேன். அந்த விடைத்திட்டத்தை எழுதியதும் நான்தான். பிள்ளை தன் வீட்டு வாசலில் பார்த்ததை எழுதியது. நான் என் தாளில் இல்லாததால் இல்லை என்றேன். நீ என் வசனத்தை ஒரு கொமா பிசகாமல் எழுதி முழுப் புள்ளி எடுத்தாய். உன் தாளை உயர்த்திப் பிடித்து வகுப்புக்குக் காட்டினேன். இன்றைக்கு யோசித்தால், அந்த நாளில் உனக்கு நான் செய்த கெடுதல் ரமணிக்குச் செய்ததைவிடப் பெரியது.

அதே வருடம் ஐப்பசியில் வெள்ளம் வந்தது. கால்வாய் நிரம்பி ஒழுங்கைக்குள் ஏறி, படியைத் தாண்டி, முன்னறைக்குள் வந்து நின்றதே. நீ அரிசி வாளியைத் தூக்கி அலுமாரிக்கு மேல் வைத்தாய், நான் நோட்ஸ் கட்டைத் தூக்க ஓடினேன், அடிக்கட்டு நனைந்துவிட்டது. பக்கத்து வீட்டுச் சிங்கள அங்கிள், ரயில்வேயில் இருந்து இளைப்பாறியவர், மதில் மேல் ஏறி நின்றுகொண்டு சொன்னார்: "வத்துர யன்ன தெனக் நே, டீச்சர்." தண்ணீருக்குப் போக இடமில்லை. முன்பெல்லாம் இவ்வளவு மழைக்கும் அது பின்னால் இருந்த சதுப்பில் போய்ப் படுத்துக்கொள்ளும், இப்போது அதை மூடி மூடிக் கட்டிவிட்டார்கள் என்று கையால் திசை காட்டி விளங்கப்படுத்தினார். நான் கெண்டைக்கால் வரை தண்ணீரில் நின்றபடி தலையாட்டினேன். ரமணி எழுதிய விடை அப்போது ஞாபகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அடுத்த நாள் கரண்ட் வந்ததும் நனைந்த தாள்களை ஒவ்வொன்றாக மேசையில் விரித்து அயர்ன் பண்ணினேன். சதுப்பு பயனற்றது என்ற தாளையும் அயர்ன் பண்ணினேன். சதுப்புக்குப் போகவேண்டிய தண்ணீர் இன்னும் என் நிலத்தில் நின்றது. காய்ந்த தாளை நீதான் காலி வீதிக் கடைக்குக் கொண்டுபோய் அறுபது பிரதி எடுத்து வந்தாய். இருபத்தெட்டு வருடத்தில் நான் செய்த முட்டாள்தனங்களுக்குள் இதற்குத்தான் முதலிடம்.

எனக்கு யாரும் சொல்லவில்லை என்றும் சாட்டுச் சொல்ல முடியாது. உன் சின்ன மாமா நோர்வேயின் வடக்கு மூலையில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்தவன். வகுப்பில் காட்டுவதற்குத் தண்டராவின் படம் ஒன்று கேட்டேன், அனுப்பினான். மரமில்லாத மேடு, சிவப்பும் மஞ்சளுமாகத் தரையோடு பழங்கள், தூரத்தில் மான் கூட்டம். பின்பக்கத்தில் எழுதியிருந்தான்: "அக்கா, நீ பயனில்லை எண்டு எழுதின இடம் இதுதான். பழம் பழுக்கிற நேரம் ஊரே வாளியோட போகுது. இந்த மானை நம்பி ஒரு சனம் சீவிக்குது. உள்ளுக்குப் போனா நிலத்துக்குக் கீழ எப்பவும் ஐஸ், அது இளகினா என்ன நடக்கும் எண்டு இவங்கள் பயந்துகொண்டிருக்கிறாங்கள்." படத்தை அட்டவணைக்கு மேலேயே ஒட்டினேன். வருடக்கணக்காகப் பழம் மேலே தொங்கியது, பயனற்றது கீழே இருந்தது. உன் அப்பா குவைத்தில் இருந்தபோது ஒருநாள் டெலிபோனில் குழந்தை மாதிரிக் கதைத்தார். "மூண்டு கிழமைக்கு முதல் மழை பெஞ்சது. இப்ப பாலைவனம் முழுக்க மஞ்சள் பூ, ஊதாப் பூ. இங்கத்தைய ஆக்கள் குடும்பமாப் போய்க் கூடாரம் அடிச்சு இருக்கினம்." நான் சொன்னேன், "அது சோதனைக்கு வராது." அவர் சிரித்துவிட்டு, "உன்ர சோதனைக்கு நானும் வரமாட்டன் போல," என்றார். அவர் காலமாகி நான்கு வருடமாகிறது. அந்தச் சிரிப்பு இப்போதுதான் எனக்குச் சுடுகிறது.

நிரலும் நிரையும் என்ன செய்யும் என்று நான் அறியாதவளா? யுத்த காலத்தில் தமிழ் வீடுகளெல்லாம் யார் யார் இருக்கிறார்கள் என்று படிவம் நிரப்பிப் பொலிஸில் பதிந்தது உனக்கும் தெரியும். பெயர், பிறந்த இடம், உறவு. பிறகு ஒரு நிரல், கொழும்பில் தங்குவதற்கான காரணம். மாமாவின் விசாவுக்காகக் காத்திருந்த நாட்களில் அவனுக்கு அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் நான் பேனையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். ஒரு மனிதன் ஓரிடத்தில் இருப்பதற்குக் கட்டத்தில் அடங்குகிற காரணம் காட்டவேண்டும் என்பது எவ்வளவு அவமானம் என்று அன்று எனக்குக் கொதித்தது. பின்னேரம் நான்கு மணிக்கு வகுப்புத் தொடங்கியதும் அதே கையால் உலகத்தின் பாதிக்கு நான் கட்டம் போட்டேன். பாலைவனமே, நீ இங்கே இருப்பதற்குக் காரணம் என்ன? சதுப்பே, உனக்கு? பயன் என்று கேட்டேனே தவிர, யாருக்குப் பயன் என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் உனக்கு டெலிபோன் எடுத்தேன். அந்தக் கதையை நீ மறந்திருக்க மாட்டாய், ஆனால் நீ கதைத்தது எப்படிக் கேட்டது என்று உனக்குத் தெரியவேண்டும்.

"அம்மா, அது சும்மா ஒரு வசனம். தமிழ் அடுத்த நாளே வேணும் எண்டு நிண்டவை. நான் இருந்த இருப்பில எழுதினன், உங்கட நோட்ஸ்ல இருந்த மாதிரியே வந்திட்டுது."

"இங்கிலிஷ்ல என்ன இருந்தது?"

"உற்பத்தி குறைஞ்ச ஈரநிலம் எண்டு."

"குறைஞ்சதும் அற்றதும் ஒண்டே?"

நீ கதையை மாற்றி, "நீங்க இதுக்குள்ள வராதேங்கோ. எனக்கு வாற மாதம் புரமோஷன் இருக்கு. கூட்டம் முடியட்டும், பிறகு கதைப்பம்," என்றாய்.

கூட்டம் முடிந்த பிறகு கதைப்பதற்கு என்ன இருக்கிறது மகன்? லொறி மண் கொட்டத் தொடங்கிய பிறகு நாங்கள் இரண்டு பேரும் இலக்கணமா கதைக்கப் போகிறோம்? உனக்கு அவசரத்தில் தமிழ் தேவைப்பட்டபோது என் நோட்ஸ் வந்து நின்றது. தாய்மொழி என்பார்கள், உனக்கு அது சொல்லுக்குச் சொல் சரியாகிவிட்டது. அதில் உன்னைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் நீ என்னைப் போல முன்னறைக்குள் இருந்தே உலகத்தைப் படித்தவன் இல்லை. நான்கு வருடம் கம்பஸில் இதையே படித்தாய். இரண்டாம் வருடம் லீவில் வந்து நின்றபோது காலைச் சாப்பாட்டு மேசையில் பாணைப் பிய்த்து உதிர்த்துவிட்டு, இந்தத் தூள் சகாரா, இந்தப் பிளேட் அமேசன் என்று சொல்லி ஊதிக் காட்டியவன் நீ. பாலைவனத்துத் தூசி சமுத்திரம் தாண்டிப் போய் அந்த மழைக்காட்டு மண்ணுக்கு உரமாகிறது என்று சொன்னாய். நான் நம்பவில்லை, மேசையைத் துடை என்றேன். நீ போன பிறகு நூலகத்தில் தேடி வாசித்தேன், உண்மைதான். அடிமட்டம் வைத்து நான் நிரைகளுக்கு நடுவில் இழுத்த கோடு காற்றுக்குத் தெரியாது என்பதை எனக்குச் சொல்லித் தந்தது நீதான். அப்படி ஊதிக் காட்டிய பிள்ளை ஒரு புரமோஷனுக்காக அதை மறந்தால் எனக்குக் கோபம் வரும். வந்திருக்கிறது.

ஆகவே அந்த நிரலை முழுவதும் அழித்துவிட்டு இங்கே புதிதாக எழுதுகிறேன். என்னிடம் படித்தவர்கள் பேனை எடுக்கலாம். நாங்கள் காலையில் சம்பலோடு சாப்பிடும் கோதுமைப் பாண் கடல் கடந்த புல்வெளிகளில் இருந்து வருகிறது. அந்தக் கறுத்த மண்ணைப் புல்லின் வேர்தான் ஆயிரமாயிரம் வருடம் இருந்து உண்டாக்கியது. தண்டராவின் உறைநிலத்தில் பழைய காலத்துச் செடியும் பாசியும் உக்காமல் கிடக்கின்றன. ஐஸ் இளகினால் அவை உக்கி, அந்த வாயு மேலே போய் உலகத்தை இன்னும் சூடாக்கும். சூடான உலகத்தில் கடல் உயரும். வெள்ளவத்தைத் தண்டவாளத்தில் அலை தெறிக்கும் இடத்தில் நின்று பார், மாமாவின் பழமேடு எங்களுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று தெரியும். ஊசியிலைக் காடு தன் மரத்திலும் மண்ணிலும் அந்த வாயுவை மேலே விடாமல் பிடித்து வைத்திருக்கிறது, கடதாசி அதற்குப் பிறகுதான். சவன்னாவில் மனிதனுடைய மாட்டுக்கு முதல் மற்ற மிருகங்கள் இருந்தன, நான் அவற்றை விலங்கு என்ற நிரலில் அடைத்துவிட்டுப் பயனில் மாட்டை மட்டும் எழுதினேன். மழைக்காடு மழையைப் பிடித்து வைத்து ஆறாக விடுகிறது. பாலைவனம் அந்தக் காட்டுக்கு உரம் போடுகிறது, மழை பெய்து மூன்று கிழமையில் பூக்கிறது, அதைப் பார்த்து உன் அப்பா சந்தோஷப்பட்டார். அது பயன் இல்லையென்றால் எனக்கு அந்தச் சொல்லே வேண்டாம். சதுப்பு நிலத்துக்குப் புதிய விடை நான் எழுதத் தேவையில்லை. மழைத் தண்ணி வந்து நிற்கும். நிற்கிறதால ஊருக்குள்ள வராது. கங்குன் வளரும். கொக்கு வரும். இரண்டு புள்ளியையும் ரமணிக்குக் கொடுத்துவிட்டேன். நேற்று பஸ் ஏறிப் போய், அவளுடைய பிள்ளைகளுக்கு முன்னால் கொடுத்தேன். முதலில் சிரித்தாள். பிறகு வீட்டுச் சுவரில் கையை வைத்து, மண் போட்டு நிரப்பினால் தண்ணீர் இதுவரைக்கும் வரும் என்று காட்டினாள். அவளுடைய கடைசிப் பிள்ளையின் நெஞ்சு உயரம் அது.

உனக்குப் பயமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். மேலதிகாரிக்கு முன்னால் தாய் வந்து நின்றால் என்ன மரியாதை என்று யோசிப்பாய். வேலை போய்விடுமோ என்றும் யோசிப்பாய். அந்தப் பயத்தை நான் சின்னதாக எடுக்கவில்லை. நீ பதவி உயர வேண்டும் என்று கோயிலுக்கு நேர்ந்தவளும் நான்தான். ஆனால் என்னை வராதேங்கோ என்று சொல்லாதே. படிவம் நிரப்பச் சொன்னவர்களுக்கும் பயந்தேன், விடைத்திட்டத்துக்கும் பயந்தேன், பிள்ளைகள் புள்ளி இழப்பார்கள் என்று சரியானதைச் சொல்லவும் பயந்தேன். என் பங்குப் பயத்தை நான் முடித்துவிட்டேன். முழங்கால் வலியோடு இரண்டு பஸ் மாறி வருவேன். பேசுவதற்குப் பெயர் பதிந்தாயிற்று. பட்டியலில் மூன்றாவது, அறிக்கையில் உன் பெயர் இருக்கும் அதே இடம்.

கூட்டத்தில் நீங்கள் மேசைக்குப் பின்னால் வரிசையாக இருப்பீர்கள். தமிழ்ப் பிரதியை வாசிக்க உன்னைத்தான் எழுப்புவார்கள், அங்கே வேறு தமிழ் ஆள் இல்லை. என்னைத் தெரியாதவன் போல் இருக்கத் தேவையில்லை, தெரிந்தவன் போலவும் இருக்கத் தேவையில்லை. அந்தப் பக்கம் வரும்போது சதுப்பு நிலம் என்று உரக்க வாசி, பத்தாம் வகுப்பில் வாசித்த மாதிரி. பயனற்ற என்ற சொல் வருமுன் நான் எழும்புவேன். "இந்த வசனம் என்ர. நான் எழுதினது பிழை. இதை நான் திருப்பி எடுக்கிறன்," என்று மண்டபத்துக்குக் கேட்கச் சொல்லுவேன். பிறகு இருந்துவிடுவேன். என் பிழையை அங்கிருந்து நான் தூக்கிக்கொண்டு போகிறேன், மகன். அதற்குப் பிறகும் அந்தச் சொல்லை நீ வாசித்தால், அது உன்னுடையது.